கழிமுகத்தை மேடாக்கிவிட்டு உள்ளே தள்ளிக் குளம் வெட்டினால் ஈடாகுமா? மூன்றாவது முழுமைத் திட்டத்தை முன்வைத்து ஒரு கேள்வி

வடகரை வாசி:

மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்குக் கையாளும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால், தொழிலே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. என் வீட்டில் உலை கொதிப்பதே அந்தத் தொழிலால்தான். ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதையும், இரண்டாவது முறை அது வடிவதற்கு முதல் முறையைவிடக் கூடுதலான நாட்கள் ஆனதையும் கண்ணால் பார்த்தவன். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்த உப்பளத் தரைகளும் கழிவெளிகளும் ஒவ்வொன்றாக மண் நிரப்பப்பட்டுக் கண்டெய்னர் யார்டுகளாகவும் கிடங்குகளாகவும் மாறியிருக்கின்றன.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டங்களில் மூன்றாவது, சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரைக்கெனத் தயாராகிவருவதை ஒட்டி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஒரு கருத்து மனு அளிக்க இருக்கிறோம். அதற்கான கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். தொழிலுக்கு நிலம் தேவைப்படுவதால் தாழ்நிலத்தை நிரப்புவதைத் தடுக்க முடியாது என்றும், எத்தனை ஏக்கர் நிரப்பப்படுகிறதோ அத்தனை ஏக்கருக்கு மேற்கே உள்வாங்கிய இடத்தில் குளம் வெட்டித் தரும்படி நிபந்தனை விதிக்கச் சொன்னால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும் என்றும் அவர் கருதுகிறார். கூட்டத்தில் பெரும்பாலோர் தலையசைத்தார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை; ஆயினும் ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதவில்லை.

நீரியல், நகரமைப்பு, மீன்பிடி, தொழில் ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஏக்கருக்கு ஏக்கர் என்ற இந்தக் கணக்கு நிற்குமா? நிற்காது என்றால், தொழிலுக்கும் இடம் விட்டு, தண்ணீருக்கும் வழி விடும்படியான கோரிக்கையை மனுவில் எப்படி எழுதுவது?

---

மதகடி:

நான் நீர்வளப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஒரு பகுதி கொசத்தலையாற்றுப் படுகையில் கழிந்தது. உங்கள் சங்கத்து மூத்தவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் நிலத்தைப் பரப்பாக மட்டும் பார்க்கிறார். தண்ணீர் மட்டத்தையும் வழியையும் பார்க்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நூறு ஏக்கர் என்பது ஏறத்தாழ 40 ஹெக்டேர். அதை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 6 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பரில் 60,000 நடை. அவ்வளவு மண் உள்ளே வந்தது என்றால், வெள்ளக் காலத்தில் அங்கே பரவி நின்றிருக்கக்கூடிய 60 கோடி லிட்டர் தண்ணீருக்கு இனி அங்கே இடமில்லை என்று பொருள். அந்தத் தண்ணீர் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் போகும். உங்கள் தெருவின் இடுப்பளவு வெள்ளத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

சரி, மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி அதே 6 லட்சம் கன மீட்டருக்குக் குளம் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு மழை முதன்மையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பெருவெள்ளம் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பரிலோ வருகிறது. அதற்குள் ஒன்றரை மாத மழை பெய்து நிலத்தடி நீர் மேலேறி, வெட்டிய குளம் ஏற்கனவே நிறைந்து நிற்கும். நிறைந்த குளத்தில் வெள்ளத்தை எங்கே வைப்பீர்கள்? கழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தின் நிலை வேறு. கடல் நீர் வற்றும் ஒவ்வொரு முறையும் அங்கே தேங்கிய நீரும் சேர்ந்து வடிகிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை தன்னைத் தானே காலிசெய்துகொண்டு அடுத்த வரத்துக்கு இடம் வைத்திருக்கும் நிலம் அது. எந்த எந்திரமும் மின்சாரமும் இல்லாமல் நடக்கும் இந்த வேலையை, உள்நாட்டில் வெட்டிய குளம் செய்யாது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். எண்ணூர் முகத்துவாரம் திறந்திருப்பதற்கு அந்தத் தாழ்நிலங்களே காரணம். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே மேடு கட்ட முயன்றுகொண்டே இருக்கும். ஏற்றத்தின்போது உள்ளே புகுந்து கழிவெளி எங்கும் பரவிய கடல்நீர், வற்றத்தின்போது ஒரே வாய் வழியாக விரைந்து வெளியேறுகையில் அந்த மணலை அரித்துத் தள்ளுகிறது. உள்ளே நீர் பரவும் பரப்பு குறையக் குறைய, வெளியேறும் நீரின் அளவும் விசையும் குறையும்; மணல் மேடு வளரும்; பிறகு தூர்வாரும் ஒப்பந்தம் ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கொசத்தலையாறு சிறு ஓடை அன்று. சென்னையின் மூன்று ஆறுகளில் இதுவே பெரியது; பெருவெள்ளத்தில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் கொண்டுவரக்கூடியது. பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரிநீர் திறந்தால் அது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து கடைசியில் இந்த ஒரு வாய்க்குத்தான் வந்து சேர வேண்டும். மணலி புதுநகரும் சடையங்குப்பமும் மழை விட்ட பிறகும் மூழ்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளூர் மழை நின்றுவிட்டது. ஆற்று நீர் வந்துகொண்டிருக்கிறது. கடலோ ஏற்றத்தில் இருக்கிறது. அந்தச் சில மணி நேரம் தண்ணீர் பரவி நிற்க இடம் இருந்ததா இல்லையா என்பதே வீடுகளின் கதியைத் தீர்மானிக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: ஏக்கருக்கு ஏக்கர் கணக்கு நிற்காது. மனுவில் முதல் கோரிக்கையாக, எந்த நிலப் பயன்பாட்டு வரைபடமும் வரைவதற்கு முன்பு அரை மீட்டர் உயர இடைவெளியில் சமமட்டக் கோடுகளும் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்), 2015, 2021, 2023 ஆண்டுகளில் தண்ணீர் எட்டிய மட்டமும் குறிக்கப்பட்ட வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும்படி கேளுங்கள். அந்த வரைபடத்தின் மேல் வைத்துத்தான் தொழில் மண்டலத்தின் நிறத்தைத் தீட்ட வேண்டும்.

---

முகத்துவாரத்தான்:

ஐயா சொன்ன கணக்கு எங்களுக்கு வேறு மொழியில் தெரியும். நான் எண்ணூர்ப் பகுதிக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். என் தாத்தாவும் அப்பாவும் கழியில் தொழில் செய்தவர்கள். நானும் பள்ளிப்படிப்பு முடித்த பிறகு பத்தாண்டுகள் செய்துவிட்டு, இப்போது வேறு வேலைக்குப் போகிறேன். விருப்பப்பட்டு மாறியவன் அல்லன்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். ஆனால் அதன் குஞ்சு வளர்வதற்குக் கழிக்குள் வர வேண்டும். ஏற்றத்தோடு உள்ளே வந்து, முழங்கால் ஆழம்கூட இல்லாத சேற்று ஓரங்களிலும் அலையாத்திச் செடிகளின் வேருக்கு இடையிலும் தங்கி, உடம்பு தேறிய பிறகு வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். அந்த ஓரச் சேறுதான் எங்கள் பெண்களும் இருளர் மக்களும் பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இடம். படகு வேண்டாம், எஞ்சின் வேண்டாம், முதல் வேண்டாம். கை இரண்டும் தண்ணீரும் சேறும் இருந்தால் அன்றைக்குச் சோறு. நிரப்புபவர்கள் முதலில் நிரப்புவது இந்த ஓரத்தைத்தான், ஏனென்றால் வரைபடத்தில் அது தண்ணீராகவும் தெரியாது, நிலமாகவும் தெரியாது. உள்நாட்டில் எத்தனை ஏக்கர் குளம் வெட்டினாலும் அங்கே வெள்ளை இறால் எப்படிப் போய்ச் சேரும்?

பரப்பு இருந்தாலும் கழி உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்ததில் ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, கால் வைத்தால் சேற்றுக்குப் பதில் சிமெண்டுப் பசையில் வைத்தது போல இருக்கும் இடங்கள் உண்டு. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோது, எங்கள் ஆட்கள் கையால் வாளியில் அள்ளினார்கள். அந்த வாடை வலையை விட்டுப் போவதற்கே மாதக்கணக்கானது. இதற்கெல்லாம் மேலாகக் காக்கா ஆழி. அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றிவரும் நீரோடு வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது சேற்றின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, இறால் தங்கும் தரையையே மூடிவிடுகிறது. காலில் பட்டால் அறுக்கும்.

மனு எழுதுவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்த இடங்களைக் காலி நிலம் என்று எழுதாதீர்கள். கிராமக் கணக்கில் அவை ஓடைப் புறம்போக்கு, கழுவெளிப் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இருக்கும். யாரும் வரி கட்டாத நிலம் என்பதைக் காரணம் காட்டி, யாருக்கும் உரிமையில்லாத நிலம் போல அதைத் தொழிலுக்கு ஒதுக்குகிறார்கள். எந்தப் பாட்டில், அதாவது முறை வைத்து வலை கட்டும் எந்த இடத்தில், எந்த ஊர் வலை வைக்கும், எந்த மாதம் எந்தக் கிளையில் இறங்கலாம் என்பதற்கெல்லாம் எங்கள் ஊர்களுக்குள் தலைமுறைக் கணக்கு இருக்கிறது. அந்தப் பயன்பாட்டை ஊர் ஊராகக் கேட்டு வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

---

பட்டறைக்காரர்:

மூவரும் எழுதியதைப் படித்தேன். தொழில் தரப்பிலிருந்து ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அம்பத்தூரில் பதினான்கு பேர் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வாகன உதிரிபாகங்களுக்குக் கடைசல் வேலை.

முதலில் ஒரு மறுப்பு. சதுப்பு நிலம் அழிந்ததற்குத் தொழிலை மட்டும் கைகாட்டுவது நியாயமாகாது. தென்சென்னையில் பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடியில் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. சதுப்பை இரண்டாகப் பிளந்து துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலையைப் போட்டது அரசு. பறக்கும் ரயில் நிலையமும் ஆய்வு நிறுவனங்களும் அங்கேயே எழுந்தன. பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்தன. கடைசல் பட்டறை வைத்திருப்பவன் அங்கே இடம் வாங்கும் நிலையிலேயே இல்லை. நாங்கள் தேடுவது வாடகை கட்டுப்படியாகும் இடம். வேலையாட்கள் பேருந்தில் வந்து சேரக்கூடிய இடம். மும்முனை மின்சாரம் கிடைக்கும் இடம். அப்படி ஒன்று நகருக்குள் கிடைக்காதபோதுதான், மலிவு விலையில் தாழ்நிலத்தைக் காட்டும் தரகரிடம் போய் நிற்கிறோம்.

அந்த மலிவு எவ்வளவு பொய்யானது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. சுற்றிலும் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி என்று நீர்நிலைகள். 2015-லும் 2023-லும் தண்ணீர் பேட்டைக்குள் வந்தது. இரண்டாவது முறை என் பட்டறையில் மூன்றடி நின்றது. சி.என்.சி. இயந்திரத்தின் மின்பலகையும் ஸ்பிண்டிலும் போயின; துருப்பிடித்த கச்சாப் பொருளை எடைக்குப் போட்டேன்; உற்பத்தி முழுதாகத் திரும்ப இரண்டரை மாதம் ஆயிற்று. காப்பீட்டில் கிடைத்தது சேதத்தில் பாதிக்கும் குறைவு. அடுத்த ஆண்டு கட்டணம் உயர்ந்தது. மேட்டு நிலத்தில் கூடுதல் வாடகை கொடுத்திருந்தாலும் எட்டாண்டுகளில் அவ்வளவு போயிருக்காது. தாழ்நிலத்தில் தொழிற்பேட்டை போட்டால் வெள்ளத்துக்கு முதலில் பலியாவது தொழில்தான் என்பதை என் சங்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

மதகடி ஐயா 60,000 நடை மண் என்றார்கள். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஏரியிலிருந்து சவுடு (நிரப்பு மண்) என்ற பெயரில் எடுக்கிறார்கள். தூர்வாருவதற்கு என்று அனுமதி வாங்கி, மதகு மட்டத்துக்கும் கீழே பள்ளம் பறித்துவிடுவதால், அந்த ஏரியின் தண்ணீர் பிறகு வயலுக்குப் பாய்வதில்லை. ஒரு கழிமுகத்தை மேடாக்க இன்னோர் ஊரின் பாசனமும் சேர்ந்து போகிறது.

வேறு வழி இருக்கிறது. கிண்டியிலும் அம்பத்தூரிலும், சிறுதொழில்களுக்கான அரசு நிறுவனமான சிட்கோ அடுக்குமாடித் தொழிற்கூடங்களைக் கட்டியிருக்கிறது. கனரக அச்சு இயந்திரம் மாடியில் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் மின்னணுப் பொருத்துவேலை, தையல், பொதி கட்டுதல், சிறு கடைசல் போன்றவற்றுக்கு அது தாராளம். பழைய பேட்டைகளில் ஒதுக்கீடு பெற்று ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் மனைகளைத் திரும்பப் பெற்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்கும். தொழிலுக்குப் புதிய நிலம் வேண்டும் என்று அரசு சொல்லும்போது, ஏற்கனவே கொடுத்த நிலத்தில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்ற பட்டியலை முதலில் வெளியிடும்படி உங்கள் மனுவில் கேட்டால், நானும் கையெழுத்திடுவேன்.

---

நகரமைப்பு மாணவி:

பட்டறைக்காரர் அண்ணன் கேட்கும் பட்டியலை நானும் வழிமொழிகிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் விளக்க முயல்கிறேன். மனுவில் எந்தச் சட்டத்தைச் சுட்டுவது என்பதில் பலர் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள் படிப்பதற்கு வலுவானவை. அவற்றின் கீழ் வரும் ஈரநிலத்தில் புதிய தொழிற்சாலை கூடாது, இருப்பதை விரிவாக்கக் கூடாது, திடக்கழிவு கொட்டக் கூடாது, கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் அந்த விதிகள் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றவற்றுக்கும் அரசு அறிவிக்கை செய்தவற்றுக்குமே பொருந்தும். ஆற்றுத் தடம், நெல்வயல், பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலை, உப்பு உற்பத்திக்கான அமைப்பு ஆகியவை வரையறைக்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டின் ஏரிகள் பாசனத்துக்கு அமைக்கப்பட்டவை. எண்ணூரின் கிழக்குத் தரைகள் உப்பளங்கள். அதாவது நம் ஊரில் ஈரநிலம் என்று மக்கள் நினைப்பவற்றில் பெரும்பகுதியை அந்த விதிகள் தொடுவதே இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் பகுதிகளும் இந்த விதிகளுக்கு விலக்கு. ஆகவே எண்ணூரைப் பொறுத்தவரை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையையும் அதன் வரைபடத்தையும்தான்.

அந்த வரைபடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1991 அறிவிக்கையின்படி தயாரிக்கப்பட்டு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடம், எண்ணூர்க் கழிமுகத்தையும் அதன் நீர்ப்பரப்பையும் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாகக் காட்டியது. பின்னர் அலுவலகங்களில் புழங்கிய வேறொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பு காணப்படவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2017-ல் தெரியவந்தபோது, ஏறத்தாழ 6,500 ஏக்கர் பற்றிய சர்ச்சை எழுந்தது. மனுவில் எந்த ஆண்டு வரைபடத்தை அடிப்படையாகக் கொள்ளக் கோருகிறீர்கள் என்பதை ஆண்டு குறிப்பிட்டே எழுதுங்கள்.

இன்னொரு சட்டமும் உங்கள் மூத்த உறுப்பினரின் யோசனைக்கு மிக அருகில் நிற்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களின் எல்லைக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அவற்றையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்கிறது. கொள்ளளவு குறையாது என்ற உறுதி அதில் பேசப்பட்டாலும், மதகடி ஐயா விளக்கியபடி கொள்ளளவைக் காப்பாற்றுவது நீர்வழியைக் காப்பாற்றியதாகாது. வரத்துக் கால்வாயிலிருந்து பிரிக்கப்பட்ட ஏரியின் கொள்ளளவு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

நடைமுறையில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. முழுமைத் திட்டத்தில் ஒரு நிறம் தீட்டப்பட்ட பிறகும், தனித்தனி சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் தன்னளவில் சிறியது. மூன்று ஏக்கர் நிரப்பினால் வெள்ளம் ஒரு சென்டிமீட்டர்கூட உயராது என்று ஆலோசகர் அறிக்கை தருவார், அது பொய்யாகவும் இருக்காது. அப்படி நூறு விண்ணப்பங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லை. படுகை முழுவதையும் ஓர் அலகாக எடுத்து, இதுவரை நிரப்பப்பட்டதன் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே எந்த மறுவகைப்படுத்தலும் என்று திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கரணையில் இந்தச் சிக்கலின் முற்றிய வடிவத்தைப் பார்க்கலாம். 2022-ல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டும், அதன் எல்லையும் தாக்கப் பகுதியும் (அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) தரையில் வரையறுக்கப்படாததால் கட்டட அனுமதிகள் வழக்காயின. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும் வரை தலத்துக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அதில் ஏற்கனவே வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலையை அவர்களும் கொடுக்கிறார்கள்.

மதகடி ஐயாவிடம் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஈடு என்பதை அடியோடு தள்ளிவிட வேண்டுமா? கைவிடப்பட்ட உப்பளங்களின் வரப்புகளை உடைத்து, ஏற்றவற்றம் உள்ளே வந்துபோகும்படி செய்தால், அது அதே மட்டத்தில், அதே நீரோடு இணைந்த ஈடு ஆகாதா?

---

மதகடி:

ஆகும் அம்மா. நீங்கள் சொன்னது சரியான திருத்தம். அதே கழியில், அதே மட்டத்தில், கடல் நீர் வந்துபோகும் தொடர்போடு திறந்துவிடப்படும் நிலத்தை ஈடாக ஏற்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வரப்பை உடைத்து, இரண்டு பருவமழை பார்த்து, நீர் பரவுவதை அளந்த பிறகே நிரப்ப அனுமதி. என் அனுபவத்தில், நிரப்பிய பிறகு செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுத்த ஈடுகளில் முழுமையாக நிறைவேறிய ஒன்றை நான் பார்த்ததில்லை. தவிர, புதிதாக நிரப்புவதற்காக இந்த ஈட்டைப் பயன்படுத்துவதைவிட, இதுவரை நிரப்பியதற்கான கடனாக அந்த உப்பளங்களைத் திறந்துவிடக் கேட்பதே உங்கள் ஊருக்கு நல்லது.

---

கொழும்பிலிருந்து:

உங்கள் உரையாடலைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் நகரின் அனுபவம் ஒருவேளை பயன்படலாம். கொழும்பில் தாழ்நிலங்களை நிரப்பி அபிவிருத்தி செய்வதற்கென்றே 1968-ல் ஓர் அரச நிறுவனம் அமைக்கப்பட்டது. பல ஆண்டுகள் அது அந்த வேலையைத்தான் செய்தது. 2010 நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழையில் சதுப்பு நிலத்தின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டடமே வெள்ளத்தில் நின்றது. அதற்குப் பிறகு எஞ்சிய சதுப்புகளை வெள்ள நீரைத் தாங்கும் இடங்களாகப் பேண வேண்டும் என்ற எண்ணம் அரச திட்டங்களில் வலுப்பெற்றது. நிரப்புவதற்காகப் பிறந்த அதே நிறுவனம் இன்று அவற்றைப் பராமரிக்கும் பணியிலும் இருக்கிறது. 2018-ல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட முதல் பதினெட்டு நகரங்களில் கொழும்பும் ஒன்று.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஓராண்டு முன்பு, 2017 ஏப்ரலில், கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்துக்குள் காப்பாற்றப்படும்போது அழுத்தம் வடக்கே முத்துராஜவெலப் பக்கம் நகர்கிறது. அதன் தெற்கு ஓரத்தில் கெரவலப்பிட்டியில் மின்நிலையமும் கைத்தொழில்களும் வந்திருக்கின்றன. உங்கள் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-ல் முடிவெடுத்ததாக அறிகிறேன். எண்ணூரைக் காத்துவிட்டு, வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியைக் கொடுத்துவிடாதபடி, மனுவில் வடக்கு எல்லையையும் சேர்த்துப் பேசுங்கள்.

---

வடகரை வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை சங்கத்து மூத்த உறுப்பினரிடம் இந்தப் பதில்களை அச்செடுத்துக் கொடுத்தேன். டிசம்பரில் குளம் நிறைந்துதானே இருக்கும் என்ற வரியைப் படித்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் சிறுவயதில் கிழக்குத் தரையில் தண்ணீர் வந்து வந்து போனதைப் பார்த்ததாகவும், அது எதற்கு என்று யோசித்ததில்லை என்றும் சொன்னார்.

மனுவில் குளம் என்ற பேச்சை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, சமமட்டக் கோட்டு வரைபடம் வெளியான பிறகே நிலப் பயன்பாட்டு வரைபடம், 1996 கடற்கரை வரைபடத்தை அடிப்படையாகக் கொள்வது, படுகை முழுவதற்கும் நிரப்பலின் மொத்தக் கணக்கு, பேட்டைகளில் பூட்டிக்கிடக்கும் மனைகளின் பட்டியல், கைவிட்ட உப்பளங்களின் வரப்பைத் திறப்பது ஆகியவற்றைக் கோரியிருக்கிறோம். எந்த ஊர் எந்தக் கிளையில் தொழில் செய்கிறது என்று வரைபடத்தில் குறிக்க, வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குப்பங்களுக்குப் போகிறோம். முகத்துவாரத்தான் அண்ணன் அன்றைக்கு உடன் வர முடிந்தால் தெரிவிக்கவும். வற்றம் எத்தனை மணிக்கு என்று சொன்னால் அதற்கேற்ப நாங்கள் வந்துவிடுகிறோம்.